எவாஞ்செலியன்: முதல் நாலு எபிசோடை ஒரே ராத்திரியில் பார்க்காதீர்கள்

ஜூலை மாதத்து முதல் ஞாயிறு. தேர்வு மையமாக இருந்த கல்லூரியின் வாசலுக்கு நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது முதல் தாள் தொடங்கி 20 நிமிஷம் ஆகியிருந்தது. வாசலில் நின்ற பெண்மணி என் ஹால் டிக்கெட்டை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். தலையைத் தாழ்த்தி, மன்னிக்க வேண்டும், இனி உள்ளே விட முடியாது என்றார். ஜேஎல்பிடி என்கிற ஜப்பானிய மொழித் தேர்வு, என்-3 என்கிற நடு நிலை. கட்டணம் 7,500 யென், நம்ம ஊர்க் காசுக்கு நாலாயிரம் ரூபாய்க்கு மேல். அது போகட்டும். இங்கே இந்தத் தேர்வு வருஷத்துக்கு இரண்டே தடவைதான், ஜூலையிலும் டிசம்பரிலும். தேறியிருந்தால் ஆபீஸில் மாதம் 5,000 யென் கூடுதலாகக் கிடைத்திருக்கும். அது ஐந்து மாதம் தள்ளிப்போனது. ஆறு மாதமாக ரயிலில் நின்றுகொண்டே படித்த படிப்பை அந்த வாசலிலிருந்து அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு வந்தேன். காரணம், முந்தின ராத்திரி நான் பார்த்த நாலு எபிசோடு. நியான் ஜெனிசிஸ் எவாஞ்செலியன் என்கிற ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்.

பார்த்தே ஆகவேண்டும் என்று இந்தத் தொடரைப் பற்றி எனக்குச் சொன்னவர்கள் நிறையப் பேர். எப்படிப் பார்ப்பது, எந்த நேரத்தில் தொடக்கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முதல் ஆறு எபிசோடில் நடப்பதைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. கதை துளியும் தெரியாமல் பார்க்க நினைக்கிறவர்கள் தலைப்பை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு இங்கேயே நிறுத்திவிடலாம்.

முதலில் என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாவிட்டால் மற்றது புரியாது. சொந்த ஊர் அருப்புக்கோட்டை. அப்பா நூல்மில்லில் வேலை பார்த்தவர். நான் அரசுப் பரீட்சை எழுதி ஊர்ப்பக்கமே ஒரு வேலையில் உட்கார வேண்டும் என்பது அவருடைய ஆசை. போன அக்டோபரில் நான் ஜப்பானுக்குக் கிளம்பினேன். கிளம்புவதற்கு முந்தின வாரம் இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை முற்றி, சொல்லக்கூடாத ஒரு வார்த்தையை நான் சொல்லிவிட்டேன். சென்னை ஏர்போர்ட்டுக்கு அம்மாவும் மாமாவும்தான் வந்தார்கள். இங்கே டோக்கியோவுக்குப் பக்கத்தில் கவாசாகியில் ஒற்றை அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குக் கூப்பிடுவேன், அம்மா பேசுவாள், அப்பாவின் இருமல் மட்டும் பின்னால் கேட்கும். ஒன்பது மாதம் அப்படியே ஓடியிருந்தது.

தேர்வுக்கு முந்தின சனிக்கிழமை ராத்திரி பத்தரை மணி. இலக்கணம் போதும், கொஞ்சம் காதைப் பழக்கலாம், நாளைக்குக் கேட்டல் பகுதிக்கு உதவும் என்று சொல்லிக்கொண்டுதான் நெட்ஃபிளிக்ஸைத் திறந்தேன். ரோபோ படம் என்றால் சின்ன வயதில் டிவியில் பார்த்ததுதான் மனதில் இருந்தது: பையன் உள்ளே ஏறி உட்காருவான், ரோபோ எழுந்திருக்கும், கெட்டது ஒழியும், பாட்டு வரும். 24 நிமிஷம், ஒன்று பார்த்துவிட்டுப் படுத்துவிடலாம்.

முதல் எபிசோடு தொடங்கும்போது வெயில், ஆளே இல்லாத தெரு, சிள்வண்டுச் சத்தம். 2015-ஆம் வருஷம். அதற்குப் பதினைந்து வருஷம் முன்பு அண்டார்டிகாவில் நடந்த ஒரு பேரழிவில் உலக ஜனத்தொகையில் பாதி போய்விட்டது, பூமியின் அச்சே சாய்ந்து ஜப்பானில் எப்போதும் கோடைக்காலம். 14 வயது ஷின்ஜி ஒரு பொதுத் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறான். இணைப்பு கிடைக்கவில்லை. வருஷக்கணக்காக முகம் பார்க்காத அப்பாவிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது, அதில் 'வா' என்பதுதான் விஷயமே. போனால், அப்பா உயரத்தில் நின்றுகொண்டு கீழே இருக்கிற மகனைப் பார்க்கிறார். கூப்பிட்டது பார்க்க ஆசைப்பட்டு அல்ல. ஈவா என்கிற இந்த ராட்சச இயந்திரத்தில் ஏறு, மேலே ஊரை அழித்துக்கொண்டிருக்கிற 'தூதன்' என்கிற ராட்சத ஜந்துவோடு சண்டை போடு, இல்லையென்றால் திரும்பிப் போ. அவன் முடியாது என்கிறான். உடனே உடம்பெல்லாம் கட்டுப் போட்ட ஒரு பெண்ணை, ரேய், ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வருகிறார்கள், அவளை ஏற்றிவிடலாம் என்று. கட்டிடம் குலுங்கி அவள் கீழே விழ, ஷின்ஜி ஓடிப்போய்த் தூக்குகிறான். கையை விரித்துப் பார்க்கிறான், ரத்தம். அப்போது தனக்குத்தானே முணுமுணுக்கிறான்: "நிகேச்சா தமே தா." ஓடிப்போகக்கூடாது, ஓடிப்போகக்கூடாது. என்-3 பாடத்தில் இந்த இலக்கணம் எனக்கு வரும். நோட்டில் எழுதிக்கூட வைத்திருந்தேன். அந்தப் பையன் வாயிலிருந்து கேட்ட பிறகு அது எனக்கு இலக்கணமாகத் தெரியவில்லை.

அதோடு முதல் எபிசோடு முடிந்துவிடுகிறது. ஈவா மேலே போகிறது, எதிரில் தூதன் நிற்கிறது, படம் முடிந்தது. சண்டையே இல்லை. இங்கே ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தத் தொடரில் ஒற்றைப்படை எபிசோடோடு நிறுத்த முயற்சி செய்யாதீர்கள், முதல் ஆறு வரைக்குமாவது. ஒன்றும் இரண்டும் ஒரு ஜோடி, மூன்றும் நாலும் ஒரு ஜோடி, ஐந்தும் ஆறும் ஒரு ஜோடி. ஒன்றைப் பார்க்க அரைமணி இருக்கிறது என்று உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் போய்விடும். கையில் ஒரு மணி நேரம் இருக்கும்போது மட்டும் உட்காருங்கள். அடுத்த எபிசோடு தானாக ஓடுகிற வசதியை முன்னதாகவே அணைத்து வைத்துவிடுங்கள். நான் அணைக்கவில்லை.

இரண்டாவதில் சண்டை தொடங்குகிறது. ஈவா ஓரடி வைக்கிறது, குப்புற விழுகிறது, தூதன் அதன் கையை முறிக்கிறது, தலையைக் குத்தித் துளைக்கிறது. பையன் அலறுகிறான். சட்டென்று ஒரு வெள்ளைக் கூரை. ஆஸ்பத்திரிப் படுக்கை. தெரியாத கூரை, என்கிறான். சண்டை என்ன ஆயிற்று என்று யாரும் சொல்வதில்லை. அக்டோபரில் முதல் நாள் காலை இந்த அறையில் கண் விழித்து, மேலே பார்த்து, எங்கே இருக்கிறோம் என்று ஒரு கணம் விளங்காமல் கிடந்தது எனக்கு ஞாபகம் வந்தது. அப்புறம் மிசாத்தோ என்கிற பெண் அதிகாரி அவனைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போகிறாள். வாசலில் தயங்கி நின்று, விருந்தாளி சொல்கிற மாதிரி, தொந்தரவு தருகிறேன் என்கிறான். இது உன் வீடு என்று அவள் சொன்ன பிறகு வார்த்தையை மாற்றி "தடாய்மா" என்கிறான், வந்துட்டேன். அவள் "ஒகாயெரி" என்கிறாள். ஜப்பானில் வீடு என்று ஒன்று இருக்கிற எல்லோரும் தினமும் சொல்கிற இரண்டு சொல். நம்ம வீட்டிலும் உண்டு. நான் செருப்பைக் கழற்றும்போதே அம்மா உள்ளேயிருந்து "வந்துட்டியா, கைகாலைக் கழுவு" என்பாள். இங்கே வந்து ஒன்பது மாதத்தில் நான் யாரிடமும் தடாய்மா சொன்னதில்லை.

வீடு, பீர், குளிர்சாதனப் பெட்டியில் வாழ்கிற ஒரு பெங்குவின் என்று சிரிக்கவைத்து, மனது கொஞ்சம் இளகின நேரத்தில், படுக்கையில் கிடக்கிற பையனுக்கு அந்தச் சண்டை ஞாபகம் வருகிறது. விட்ட இடத்திலிருந்து. ஈவா தானாகவே எழுந்து மிருகம் மாதிரிக் கத்துகிறது, தூதனைக் கிழித்துப்போடுகிறது. எல்லாம் முடிந்த பிறகு தலைக்கவசம் கழன்று விழ, எதிரே ஒரு கட்டிடத்தின் கண்ணாடியில் ஷின்ஜி அதன் முகத்தைப் பார்க்கிறான். இரும்புக்குள்ளே சதை. காயம்பட்ட இடத்தில் ஒரு கண் முளைத்து, உருண்டு, அவனையே பார்க்கிறது. இரும்பு இயந்திரம் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்குக் கழுத்துக்குப் பின்னால் வேர்த்தது. விளக்கைப் போட்டேன். பதினொன்றே கால். அங்கே நிறுத்தியிருந்தால் மறுநாள் தேர்வு எழுதியிருப்பேன். நிறுத்துவதற்குத் தோதான முதல் இடம் அதுதான், இரண்டின் முடிவு. எழுந்து தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் மூன்றாவது ஓட ஆரம்பித்திருந்தது.

மூன்றாவது எபிசோடுக்கு ஜப்பானிய மொழியில் என்ன தலைப்பு என்றால், அடிக்காத தொலைபேசி. திரையில் அதை நானே எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டேன், ஆங்கிலத் தலைப்பு வேறு என்னவோ. புதுப் பள்ளிக்கூடத்தில் ஷின்ஜியிடம் செல்ஃபோன் இருக்கிறது, ஒரு அழைப்பும் வருவதில்லை. டோஜி என்கிற பையன் அவனை வெளியே கூட்டிப்போய் முகத்தில் குத்துகிறான். போன சண்டையில் இடிபாடு விழுந்து டோஜியின் தங்கை ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். ஊரையே காப்பாற்றின பையனுக்குக் கிடைத்தது அந்தக் குத்து. நான் விரும்பியா ஏறினேன் என்று ஷின்ஜி சொல்ல, இன்னொரு குத்து. அப்புறம் அடுத்த தூதன் வருகிறது. ஈவாவுக்கு முதுகில் மின்சாரக் கேபிள், அது அறுந்தால் உள்ளே இருக்கிற பேட்டரியில் ஐந்தே நிமிஷம். கேபிள் அறுகிறது, எண்கள் குறைந்துகொண்டே வருகின்றன, பின்வாங்கு என்று மிசாத்தோ உத்தரவு போடுகிறாள், இவன் கேட்காமல் கத்தியை எடுத்துக்கொண்டு மலைச்சரிவில் கத்திக்கொண்டே இறங்குகிறான். ஜெயித்துவிடுகிறான். ஜெயித்த பிறகு இருட்டில் உட்கார்ந்து அழுகிறான். அதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது அவனைக் குத்தின அதே டோஜி. ஒரு சிறுவர் தொடரில் வெற்றியை இப்படிக் காட்டி நான் பார்த்ததில்லை.

நாலாவதில் சண்டையே கிடையாது. ஷின்ஜி வீட்டைவிட்டு ஓடிவிடுகிறான். ஓடிப்போய் என்ன செய்கிறான்? ரயிலில் உட்கார்ந்திருக்கிறான். காதில் ஹெட்ஃபோன், எதிர் இருக்கையில் ஆட்கள் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள், வெளியே வெளிச்சம் மாறுகிறது, இவன் இறங்குவதில்லை. ராத்திரியை ஒரு சினிமா தியேட்டரில் கழிக்கிறான். மலையில் புல்வெளியில் கூடாரம் போட்டிருக்கிற வகுப்புத் தோழன் கென்ஸுகே சாப்பாடு போடுகிறான். கடைசியில் ரயில் நிலையம். அவனை ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். மிசாத்தோ காரில் பறந்து வருவதற்குள் ரயில் கிளம்பிவிடுகிறது. அவள் தலையைக் குனிந்து நிற்கிறாள். நிமிர்ந்தால், காலியான பிளாட்ஃபாரத்தில் அவன் நிற்கிறான். அப்புறம் அந்தப் படம் அசைவதே இல்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, கிட்டத்தட்ட ஒரு நிமிஷம், பேச்சில்லாமல், இசையில்லாமல். நெட் நின்றுவிட்டது என்று நினைத்துத் திரையைத் தொட்டுப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிறகு அவன் "தடாய்மா" என்கிறான். அவள் "ஒகாயெரி" என்கிறாள்.

ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்தக் காட்சியைத் திரும்பவும் போட்டேன், திரும்பவும் போட்டேன். வீட்டுக்குக் கூப்பிடலாமா என்று பார்த்தால் ஊரில் மணி பத்தரை தாண்டிவிட்டது, அப்பா படுத்திருப்பார். கூப்பிட்டால்தான் என்ன பேசுவேன்? பால்கனியில் போய் உட்கார்ந்தேன். ஜப்பானில் ஜூலையில் நாலரை மணிக்கே விடிந்துவிடும். வெளுத்ததைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்து, ஒன்பது மணிக்கு அலாரம் வைத்துப் படுத்தேன். அலாரம் அடித்ததும் நான் அதை அணைத்ததும் எனக்கு ஞாபகமே இல்லை. கண் விழிக்கையில் மத்தியானம் ஆகிவிட்டிருந்தது.

மறுநாள் காலையில் தேர்வோ, நேர்காணலோ, நெடுந்தூர வண்டி ஓட்டுகிற வேலையோ இருக்கிறவர்கள் தயவுசெய்து முந்தின ராத்திரி இதைத் தொடாதீர்கள். மொத்தமே ஒன்றரை மணி நேரப் படம்தான், தூக்கத்தைப் பெரிதாகச் சாப்பிடாது என்று கணக்குப் போடுவது தப்பு. படம் முடிந்த பிறகுதான் தூக்கம் போகிறது. அதேபோல, புதிதாக ஊரைவிட்டு வந்தவர்கள், வீட்டில் யாரோடாவது பேச்சுவார்த்தை அறுந்து கிடக்கிறவர்கள், மனது ஏற்கெனவே தளர்ந்திருக்கிறவர்கள் தனியாகப் பார்க்காதீர்கள். இரண்டு பேராகப் பாருங்கள், இல்லை, முடிந்ததும் ஃபோன் போட்டுப் பேச ஓர் ஆளை ஏற்பாடு செய்துவிட்டுப் பாருங்கள். இயக்குநர் ஹிதேயாகி அன்னோ இதை எடுப்பதற்கு முன் சில வருஷம் ஒன்றும் செய்ய முடியாமல் மனம் உடைந்து கிடந்தவர், அதை அவரே எழுதியும் இருக்கிறார். அந்த இருட்டு படத்தில் அலங்காரத்துக்கு வைத்தது இல்லை. பார்க்கிறவருக்கும் ஒட்டும்.

தேர்வு மைய வாசலிலிருந்து நான் நேரே வீட்டுக்குப் போகவில்லை. யமனோதே ரயிலில் ஏறினேன். டோக்கியோவை வட்டமாகச் சுற்றுகிற ரயில், 30 நிலையம், ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம். ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு சுற்று போனேன். ஷின்ஜி மாதிரி செய்து பார்க்கவேண்டும் என்றெல்லாம் இல்லை, அறைக்குப் போகப் பயமாக இருந்தது. அன்று ஞாயிறு. வழக்கமாக வீட்டுக்குக் கூப்பிடுகிற நாள். கூப்பிடவில்லை. அடுத்த ஞாயிறும் கூப்பிடவில்லை, அம்மாவுக்கு வேலை அதிகம் என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் மட்டும். தொடரையும் தொடவில்லை. ஜூலை நடுவில் ஜன்னலுக்கு வெளியே சிள்வண்டுகள் கத்த ஆரம்பித்தபோது, முதல் எபிசோடின் ஆளில்லாத தெருவும் பொதுத் தொலைபேசியும் கண்முன்னால் வந்து நின்று, ஜன்னலைச் சாத்திவிட்டு ஏசியைப் போட்டுக்கொண்டேன்.

என்னைத் தூக்கிவிட்டது ஆபீஸில் பக்கத்து மேசை சீனியர். தேர்வு எப்படி என்று அவர் கேட்க, மறைக்க முடியாமல் நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. எந்த எபிசோடு வரைக்கும் பார்த்தாய் என்று கேட்டார். நாலு, ஒரே ராத்திரியில் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நாங்கள் அதை ஒரு மாதத்தில் பார்த்தோம்" என்றார். 1995 அக்டோபர் 4-ஆம் தேதி, புதன்கிழமை சாயங்காலம் ஆறரை மணி, டிவி டோக்கியோ. அவருக்கும் அப்போது 14 வயது. அந்த வருஷம் ஜனவரியில்தான் கோபேயில் பூகம்பம் வந்து ஆறாயிரம் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். மார்ச்சில் டோக்கியோ சுரங்க ரயிலில் விஷவாயு விட்டார்கள். பெரியவர்களே பயந்துபோயிருந்த வருஷத்தில், ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் இந்தப் பையன் டிவியில் வந்து எனக்கு இதெல்லாம் வேண்டாம் என்று சொன்னான் என்றார். ஒன்றைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் காத்திருப்பார்கள். அந்த ஒரு வாரத்தில் பள்ளிக்கூடத்தில் பேசுவார்கள், சண்டை போடுவார்கள், கோபம் ஆறும், பிறகுதான் அடுத்தது. நாலாவதில் அந்த ரயில் நிலையக் காட்சி வரும்போது ஷின்ஜியை அவருக்கு மூன்று வாரமாகத் தெரியும். எனக்கு ஒன்றரை மணி நேரமாகத்தான் தெரியும்.

நான் கற்றுக்கொண்டதில் எனக்கு மிகவும் உதவினது இதுதான். இது வாரத்துக்கு ஒன்று என்று வெட்டித் தைத்த துணி. ஒரே மூச்சில் போட்டுக்கொண்டால் மூச்சு முட்டும். வாரம் ஒன்று பார்க்கப் பொறுமை இல்லை என்றால் வாரம் ஒரு ஜோடியாவது. நடுவில் கிடைக்கிற நாட்கள் வீணில்லை, படம் மனதில் வேலை செய்வது அப்போதுதான். ஒவ்வொரு எபிசோடு முடிவிலும் மிசாத்தோவின் குரலில் அடுத்த வாரத்துக்கான முன்னோட்டம் வரும், கலகலப்பாக. அதைத் தாண்டிவிடாதீர்கள். இருட்டிலிருந்து வெளியே வர ஒரு கைப்பிடி மாதிரி அது.

அன்று ராத்திரி வீட்டுக்குக் கூப்பிட்டேன். வாரநாளில் ஃபோன் வந்ததும் அம்மா பதறிவிட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லி, அப்பாகிட்ட குடு என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் இருமல், பக்கத்தில்.

"அப்பா, பரிச்சைக்குப் போக முடியல. லேட்டாயிருச்சு."

"ம்."

"பணமும் போச்சு."

"சாப்டியாய்யா?"

"சாப்பிட்டேன்."

"திரும்ப எப்ப வப்பாங்க?"

"டிசம்பர்ல."

"சரி, அப்ப எழுது."

அவ்வளவுதான். அவர் ஃபோனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "போன ரெண்டு வாரமும் ஞாயித்துக்கெழம நீ கூப்புடுற நேரத்துக்கு வாசல்ல சேரப் போட்டு ஒக்காந்துகிட்டு இருந்தாரு. அடிக்கவே இல்லையேன்னு உள்ள வந்து உள்ள வந்து கேட்டாரு."

ஐந்தையும் ஆறையும் ஆகஸ்டில் பார்த்தேன், ஐந்தை ஒரு புதன்கிழமை, ஆறை அடுத்த புதன்கிழமை. ஜோடியை நானே பிரித்தேன், சீனியர் மாதிரிக் காத்திருந்து பார்க்க ஆசை. ஐந்தாவது, ஷின்ஜியின் அலறலோடு அறுந்து நிற்கும், அந்த ஒரு வாரம் ரொம்பக் கஷ்டம், ஆனால் கெட்ட கஷ்டம் இல்லை. குடும்பத்தோடு பார்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஐந்தாவதில் ரேயின் வீட்டில் ஒரு நிர்வாணக் காட்சி, சங்கடமான காட்சி, வருகிறது. இரண்டாவதிலும் குளியலறைச் சமாச்சாரம் உண்டு. 14 வயதுப் பிள்ளைகளை அப்படிக் காட்டியது எனக்குப் பிடிக்கவில்லை, தொடரில் நான் மன்னிக்காத இடம் அதுதான். கார்ட்டூன்தானே என்று சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துவிடாதீர்கள்.

ஆறாவது வேறு ரகம். தூரத்தில் வருகிற எதையும் சுட்டுவிடுகிற ஒரு நீலப் படிகத் தூதன். அதைச் சுட ஒரு பெரிய துப்பாக்கி, அதற்கு 18 கோடி கிலோவாட் மின்சாரம் வேண்டும், ஜப்பான் முழுக்க விளக்கை அணைத்து அத்தனையையும் ஒரே மலைக்குக் கொண்டுவருகிறார்கள். வெற்றி வாய்ப்பு 8.7 சதவீதம். ஊர் ஊராக விளக்கு அணைந்துகொண்டு போகிற அந்தக் காட்சியில் உடம்பு சிலிர்த்தது. யஷிமா நடவடிக்கை என்று அதற்குப் பெயர். 2011 மார்ச்சில் பூகம்பமும் சுனாமியும் வந்து ஃபுகுஷிமா அணுமின் நிலையம் நின்று, டோக்கியோ பக்கம் மின்வெட்டு வந்தபோது, மின்சாரத்தை மிச்சம் பிடிக்கச் சொல்லி ட்விட்டரில் ஜனங்கள் தாங்களாகவே பரப்பின பெயரும் அதுதான். சீனியரும் அந்த நாட்களில் வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் சாப்பிட்டாராம். அப்புறம் ரேய் சிரிக்கிற இடம். அதை நான் சொல்லப்போவதில்லை. ஆறு எபிசோடு பார்க்காமல் இந்தத் தொடர் பிடிக்கும், பிடிக்காது என்று முடிவு செய்யாதீர்கள், அதை மட்டும் சொல்கிறேன். நாலோடு நின்றிருந்தால் நான் இதை வெறுத்துக்கொண்டே இருந்திருப்பேன்.

இந்த ஆறு எபிசோடின் கதையையே 2007-இல் புதுசாக வரைந்து ஒரு சினிமாவாக எடுத்தார்கள். நேரம் மிச்சம் என்று அதிலிருந்து தொடங்கச் சொல்கிறவர்கள் உண்டு. படம் பார்க்க அழகு. ஆனால் முதலில் டிவி தொடரையே பாருங்கள், 26 எபிசோடு. அந்த ரயில் பயணத்துக்கும் அசையாத ஒரு நிமிஷத்துக்கும் டிவியில்தான் இடம் இருக்கிறது. பேச்சு ஜப்பானிய மொழியிலேயே இருக்கட்டும், ஒரு வார்த்தை தெரியாவிட்டாலும். ஷின்ஜிக்குக் குரல் கொடுத்த மெகுமி ஒகாதா அலறுகிற அலறலுக்கு சப்டைட்டில் தேவையில்லை. ஊரில் நெட்ஃபிளிக்ஸில் பார்க்கிறவர்களுக்கு இன்னொன்று. ஒவ்வொரு எபிசோடும் ஒரு பழைய ஆங்கிலப் பாட்டோடு முடியும், 2019-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தபோது ஜப்பானுக்கு வெளியே பல நாடுகளில் அதை எடுத்துவிட்டு பியானோ வைத்துவிட்டார்கள். நீங்கள் எதையும் தவறவிடவில்லை, உங்களுக்கு வருவதே அப்படித்தான்.

ஆகஸ்ட் கடைசியில் ஹகோனே போனேன். கதையில் வருகிற டோக்கியோ-3 நகரம் அங்கேதான் இருக்கிறது, எரிமலைப் பள்ளத்துக்குள், ஆஷி ஏரிப் பக்கம். ஆறாவதில் துப்பாக்கி வைக்கிற ஃபுத்தகோ மலையும் நிஜ மலைதான். கவாசாகியிலிருந்து ஒதவாரா போய், அங்கே வேறு ரயில் மாறி, ஹகோனே-யுமோதோ. போக வர சுமார் 3,000 யென். தனியாகப் போகாமல் சீனியரையும் அழைத்துக்கொண்டு போனேன். ஸ்டேஷனிலேயே எவாஞ்செலியன் பொருட்களுக்கென்று ஒரு கடை இருக்கிறது, அதில் நான் எதுவும் வாங்கவில்லை. பிளாட்ஃபாரத்தில் நின்று ஒரு ரயில் கிளம்பிப் போவதைப் பார்த்தோம். வெயில், சிள்வண்டு, வெந்நீர்க் குளியலுக்கு வந்த குடும்பங்கள். அங்கிருந்தே வீட்டுக்கு வீடியோ கால் போட்டேன். அப்பாதான் எடுத்தார். எங்கே நிற்கிறாய் என்று கேட்க, ரயிலில் ஏறாமல் நின்ற ஒரு பையனின் கதையை, ஈவா, தூதன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, வீட்டைவிட்டு ஓடின பகுதியை மட்டும் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"அப்புறம் அந்தப் பய வீட்டுக்குப் போயிட்டானா?"

"போயிட்டான்ப்பா."

"அவங்கப்பன் என்ன சொன்னாரு?"

அவர் ஒன்றுமே சொல்லவில்லை என்றேன். அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பின்னால் ரயில் அறிவிப்பு ஓடியது. வண்டி வந்துருச்சு போல, போய் ஏறு, ரூமுக்குப் போயிட்டு ஃபோன் பண்ணு என்றார்.

இன்றைக்குப் புதன்கிழமை. ஏழாவதைப் போன வாரம் பார்த்துவிட்டேன். எட்டாவதில் புதுசாக ஒரு பெண் கப்பலில் வருவாள், கொஞ்ச நாளைக்கு வெயில் அடிக்கும் என்று சீனியர் சொல்லியிருக்கிறார். ஆறரை மணிக்குத் தொடங்கினால் ஏழுக்கு முடிந்துவிடும், ஊரில் அப்போது மணி மூன்றரை, அப்பா மத்தியானத் தூக்கம் எழுந்து டீ குடிக்கிற நேரம்.